ஆர்க்கிடெக்டுகள் பற்றிய படப் புத்தகங்கள்: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எதை வாசிப்பது?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பட்டறை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிக்கிறேன். ஒன்றரை வருடமாக நடக்கிறது. பன்னிரண்டு பதினைந்து பேர் வருவார்கள், ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை. போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகள் ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஆறு புத்தகங்கள் கட்டடம் வடிவமைத்தவர்களின் வாழ்க்கைக் கதை. எல்லாம் இங்கிலீஷ். நான் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்கிறேன்.

முதலில் எடுத்தது மாயா லின் கதை. வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கு வாஷிங்டனில் நினைவிடம் கட்ட 1981-ல் போட்டி வைக்கிறார்கள். 1421 பேர் வரைந்து அனுப்புகிறார்கள். பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெயித்தது 21 வயதுக் கல்லூரி மாணவி. கோபுரமும் கிடையாது, குதிரை மேல் வீரன் சிலையும் கிடையாது. தரைக்குள் இறங்கும் இரண்டு கறுப்புக் கல் சுவர்கள், அதில் இறந்தவர்களின் பெயர்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் கேட்டார்கள்.

முடிந்ததும் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?" புத்தகத்தில் அது இல்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். அந்தக் கல் பெங்களூர்ப் பக்கம் வெட்டி எடுத்தது! அடுத்த வாரம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் அப்பா கிரானைட் லாரி ஓட்டுகிறவர். "எங்கப்பா போற ரோடுதானா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அதற்குப் பிறகு எந்தக் கட்டடக் கதை வாசித்தாலும் கேள்வி ஒரே மாதிரி வருகிறது. "அவர் வரைஞ்சாரு, சரி. கட்டினது யாரு?" "கல்லை யார் தூக்கினா?" "எத்தனை பேரு?" புத்தகங்களில் பெரும்பாலும் பதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் கட்டடம் முழுசாக நிற்கிறது, முன்னால் ஒரே ஒருவர் நிற்கிறார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, யாரைப் பற்றியெல்லாம் வாசிக்கலாம்? இரண்டு, நம் பக்கத்துக் கட்டடங்களைப் பற்றித் தமிழில் இப்படி ஒரு படப் புத்தகம் நானே செய்தால் எங்கிருந்து தொடங்குவது?

இரட்டைப்பிள்ளை_அம்மா (அஸ்தம்பட்டி)

என் பையன்கள் இருவருக்கும் ஈஃபில் கோபுரம் என்றால் உயிர். 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவிட், 1889-ல் திறந்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு எண்கள் பிடிக்கும். எண்கள் உள்ள புத்தகமாகப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குச் சின்னத் தயக்கம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஒரு முகம், ஒரு பெயர். "ஆயிரம் பேர் சேர்ந்து கட்டினார்கள்" என்று சொன்னால் என் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். அதற்குள் எத்தனை பேரைக் கொண்டுவருவது?

ரசமட்டம் (சேலத்துக்காரன், இப்போது பெங்களூர்)

நான் ஆர்க்கிடெக்ட். பதினெட்டு வருடமாக இதே வேலை. கொலுசுப்பட்டறை அக்காவின் கேள்வியைப் படித்ததும் வேலையை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

"சின்ன வயதிலேயே மேதை, ஒரு நாள் கனவு கண்டார், கட்டினார், உலகம் கைதட்டியது" என்று போகும் புத்தகங்களை எடுக்காதீர்கள். எங்கள் தொழில் அப்படி நடப்பதே இல்லை. வரைந்ததில் பாதி கட்டப்படாது. கட்டியதில் பாதி மாறிவிடும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும்.

ஜஹா ஹதீத் நல்ல கதை. பாக்தாத்தில் 1950-ல் பிறந்தவர். அவர் வரைந்ததைப் பார்த்து "இதெல்லாம் காகிதத்தில்தான் நிற்கும்" என்று பல வருடம் சொன்னார்கள். முதல் பெரிய கட்டடமாக ஜெர்மனியில் ஒரு தீயணைப்பு நிலையம் 1993-ல்தான் எழுந்தது. அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. 2004-ல் எங்கள் தொழிலின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார், அதை வாங்கிய முதல் பெண். காத்திருந்த அந்த வருடங்கள் புத்தகத்தில் எத்தனை பக்கம் வருகின்றன என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் தாண்டிவிட்டால் அது எனக்கு அரைப் புத்தகம்.

சிட்னி ஓபரா ஹவுஸ் இன்னொன்று. டென்மார்க்கின் யோர்ன் உட்சோன் 1957-ல் போட்டியில் ஜெயித்தார். கூரையை எப்படிக் கட்டுவது என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் சிப்பி மாதிரி நிற்கும் கூரைப் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே பந்தின் மேல்பரப்பிலிருந்து வெட்டிய துண்டுகளாக வைத்துக்கொண்டால் வேலை எளிது என்று பிடிபட்டது. செலவு ஏறியது, அரசோடு சண்டை, 1966-ல் விலகிப் போனார். 1973-ல் கட்டடம் திறந்தது. முடிந்த கட்டடத்தை அவர் கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை. இதை மறைக்காமல் சொல்லும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் நாட்டில் பி.வி.தோஷி. 1927-ல் புனேயில் மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர், 2018-ல். இந்தோரில் ஏழைக் குடும்பங்களுக்கு அவர் வடிவமைத்த அரண்யா குடியிருப்பில் வீட்டை முழுதாகக் கட்டிக் கொடுக்கவில்லை. அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் கொடுத்து, மீதியைக் குடும்பங்களே கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். மாடிப்படி வெளியே, திண்ணை முன்னால், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நிறம். "கட்டினது யாரு?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சாரம்கட்டி (அம்மாப்பேட்டை)

அப்பா மேஸ்திரி. நான் டிப்ளமோ முடித்துவிட்டு சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். புத்தகம் பற்றிய இழையில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஏழாவது படிக்கும்போது வகுப்பில் அப்பா தொழிலைக் கேட்டார்கள். "கட்டட வேலை" என்று சொல்லாமல் "கான்ட்ராக்ட்" என்று சொன்னேன். இன்றுவரை அப்பாவிடம் அதைச் சொன்னதில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தே "முக்கால் இஞ்ச் சாஞ்சிருக்கு" என்பார். அளந்தால் முக்கால் இஞ்ச்தான் இருக்கும். அப்படி ஒருவர் ஏதாவது ஒரு படத்தில், ஏதாவது ஒரு பக்கத்தில் இருந்திருந்தால் நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அக்கா, லாரி பேக்கரைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, கேரளாவில் வாழ்ந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். கொத்தனார்களோடு சைட்டிலேயே நின்று வேலை செய்தவர். பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் படம் வரைவார். எலிப்பொறிக் கட்டு என்று ஒன்றை நம் பக்கம் பரப்பியது அவர்தான். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காற்று நிற்க இடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், வெயில் உள்ளே இறங்காது. சேலம் வெயிலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். நான் ஒரு சின்னச் சுவரை அப்படிக் கட்டச் சொல்லி அப்பாவிடம் படம் காட்டினேன். "இது வெள்ளைக்காரர் சொன்னதா? நல்லா யோசிச்சிருக்காரே" என்று கரணையைக் கையில் எடுத்தார்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டலாம். ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

கொலுசுப்பட்டறை

சாரம்கட்டி தம்பி, உங்கள் பதிவை எங்கள் வீட்டில் சத்தமாக வாசித்தேன். முடிந்தால் ஒரு ஞாயிறு அப்பாவை அழைத்து வாருங்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டுவந்தால் போதும். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

தீப்பெட்டி சொன்னீர்களே, எங்கள் மாடியில் நடந்ததையும் சொல்கிறேன். பார்சிலோனாவின் கௌதி கதை வாசித்தேன். சாக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை 1882-ல் தொடங்கினார்கள், அடுத்த வருடமே அவர் கைக்கு வந்தது, 1926-ல் டிராம் மோதி அவர் இறந்தபோதும் முடியவில்லை. வளைவுகளைக் கணக்குப் போட அவர் இன்னொரு தேவாலயத்துக்குச் செய்த மாதிரி இருக்கிறதே, அது அற்புதம். கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, அதில் சின்னச் சின்ன ஈயக்குண்டுப் பைகளைக் கட்டி, அந்த உருவத்தைத் தலைகீழாகப் பார்த்தார். தொங்கும்போது தானாக விழும் வளைவை அப்படியே திருப்பினால், நிற்கும்போது எடை தாங்கும் வளைவு.

புத்தகத்தில் அது ஒரே ஒரு படம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கீழே போய் மெருகு போடாத கொலுசு ஒன்று எடுத்து வந்தேன். இரண்டு முனையையும் இரண்டு பிள்ளைகள் பிடித்தார்கள், நடுவில் வளைந்து தொங்கியது. பின்னால் காகிதத்தை வைத்து பென்சிலால் கோடு போட்டோம். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். "ஐ, வாசல் வளைவு!" என்று கத்தினார்கள். பிறகு கையைக் கிட்டே கொண்டுவந்தால் வளைவு ஒல்லியாகிறது, தள்ளிப் பிடித்தால் அகலமாகிறது என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். முப்பது வருடமாகக் கொலுசோடு வாழ்கிறேன், அதில் ஒரு தேவாலயத்தின் கணக்கு தொங்குகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இருபதாம்_வளைவு (ஏற்காடு, ஆரம்பப் பள்ளி ஆசிரியை)

மலையிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் மலைக் கிராமப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

"வீடு வரையுங்கள்" என்று சொன்னால் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் வரைகிறார்கள். முக்கோணக் கூரை, இரண்டு ஜன்னல், நடுவில் கதவு, பக்கத்தில் தென்னை மரம். ஏற்காட்டில் எங்கே தென்னை? மூங்கில் தட்டியில் மண் பூசிய தாத்தா வீட்டையோ, எஸ்டேட் லைன் வீட்டையோ, தகரக் கூரையில் மழை விழும் தங்கள் வீட்டையோ ஒரு பிள்ளையும் வரைவதில்லை. தாங்கள் இருப்பது வரையத் தகுந்த வீடு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் பார்க்காததை வீடு என்று நம்ப மறுக்கிறார்கள்.

அதனால்தான் எனக்கும் பேக்கர் பிடிக்கும். அவர் கேரளாவுக்கு வரும் முன்பு இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருடம் இருந்தார். கையில் படிப்பு இருந்தும், அந்த மலை மக்கள் உள்ளூர்க் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டும் முறையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். இதைச் சொன்ன மறுநாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தாத்தாவிடம் கேட்டுவிட்டு வந்தான்: மூங்கிலை எந்த மாதம் வெட்டினால் பூச்சி அரிக்காது, மண்ணோடு என்ன கலக்க வேண்டும் என்று. வகுப்பில் பத்து நிமிடம் அவன்தான் பாடம் எடுத்தான்.

ரசமட்டம் சார் சொன்ன சிட்னி கூரைக்கு எங்கள் ஊர் ஆரஞ்சு போதும். தோலை உரித்து முக்கோணத் துண்டுகளாக வெட்டி மேசையில் நிறுத்தினோம். வேறு வேறு அளவு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வளைவு. அப்புறம் பழத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

ஒருமை_பன்மை (ஆத்தூர்)

இடையில் ஒரு சொல். தமிழில் புத்தகம் செய்வதென்றால் "கட்டிடம்" என்று எழுதாதீர்கள். கட்டிடம் என்றால் கட்டுகிற இடம். கட்டப்பட்டது கட்டடம். பிள்ளைகள் முதலில் பார்ப்பதே சரியாக இருக்கட்டும்.

ஆர்க்கிடெக்டுக்கு என்ன சொல் போடுவீர்கள்? கட்டடக் கலைஞர் என்றால் நன்றாக இருக்கிறது.

சாரம்கட்டி

சேலத்தில் பிளான் போட்டுக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் "இன்ஜினியர்"தான். கட்டடக் கலைஞர் என்றால் என் அப்பாவுக்கு யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது. ஆர்க்கிடெக்ட் என்றே போடலாம், பிள்ளைகள் சொல்லிப் பழகிவிடுவார்கள். ஆனால் சாரம், கரணை, மூலைமட்டம், சித்தாள் இதெல்லாம் புத்தகத்தில் கட்டாயம் வர வேண்டும். இவையெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்கள்.

இரட்டைப்பிள்ளை_அம்மா

தம்பி சொன்ன கான்ட்ராக்ட் கதையைப் படித்த பிறகு என் முதல் பதிவை நானே மறுபடி படித்தேன். ஒரு முகம் வேண்டும் என்பதில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் அந்த முகம் ஆர்க்கிடெக்டின் முகமாகத்தான் இருக்க வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன்.

எமிலி ரோப்ளிங் கதை ஞாபகம் வருகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலம். திட்டம் போட்ட மாமனார் 1869-ல் இறந்துவிட்டார். கணவர் பொறுப்பேற்றார். ஆற்றுக்கடியில் அஸ்திவாரம் தோண்டும்போது அழுத்தக் காற்றறைகளில் இறங்கி இறங்கி அவருக்கு உடல் முடங்கிவிட்டது. எமிலி தானாகவே கணக்கும் கம்பிவடமும் படித்து, பத்து வருடத்துக்கு மேல் கணவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவில் நின்று பாலத்தை முடித்தார். 1883-ல் வண்டியில் முதலில் அந்தப் பாலத்தைக் கடந்தது அவர். மடியில் ஒரு சேவல் வைத்திருந்தாராம், வெற்றிக்கு அடையாளமாக. என் பையன்கள் அந்தச் சேவலுக்காகவே அந்தக் கதையை நாலு தடவை கேட்டார்கள்.

அந்தப் பாலத்தில் இருபதுக்கும் மேல் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதை நான் அவர்களிடம் சொல்லாமல் தாண்டினேன். இப்போது சொல்லியிருக்கலாம் என்று படுகிறது. ஏழு வயதில் சொல்லலாமா, டீச்சர்?

இருபதாம்_வளைவு

சொல்லலாம். எண்ணாகச் சொல்லாமல், அவர்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். என் வகுப்பில் மரம் ஏறி மிளகு பறிக்கும்போது விழுந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலையில் ஆபத்து உண்டு என்பது அவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. புத்தகம் அதை மறைத்தால்தான் அவர்களுக்கு அந்நியமாகப் படும்.

மாடிவீட்டு_வாசகன் (குகை)

தமிழில் செய்வதென்றால் தஞ்சைப் பெரிய கோயில்தானே முதலில்? நிழல் தரையில் விழாத கோபுரம் என்று முதல் பக்கத்திலேயே போட்டால் பிள்ளைகள் அசந்துவிடுவார்கள்.

பதினாறுகண்_மதகு (மேட்டூர், ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்)

தம்பி, அதை மட்டும் போடாதீர்கள். நிழல் தரையில் விழுகிறது. சாயங்காலம் போய் நின்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொய்யான அதிசயத்தை எட்டு வயதில் நம்பவைத்தால், பிறகு நேரில் போய் நிழலைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்குக் கோயில் சின்னதாகிவிடும்.

நிஜமான அதிசயம் அங்கேயே கல்லில் இருக்கிறது. கோயில் முடிந்தது 1010-ல். கோயிலுக்குக் கொடுத்தவர்கள், வேலை செய்தவர்கள் பெயரையெல்லாம் இராஜராஜன் வெட்டிவைத்தான். தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன். நாவிதர் ஒருவருக்கும் இராஜராஜப் பெருநாவிசன் என்று ராஜா தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். கோயிலில் ஆடிப் பாடிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் இருக்கிறது. "கட்டினது யாரு?" என்ற கேள்விக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் பதில் வெட்டிய ஊர் நம்முடையது. அந்தப் பெண்பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

மாடிவீட்டு_வாசகன்

நன்றி சார். என் அப்பா சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பெருநாவிசன் விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அடுத்த தடவை தஞ்சாவூர் போனால் சாயங்காலம் வரை இருந்து நிழலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பென்சில்முனை (ஓமலூர்க்காரி, சென்னையில் ஓவியர்)

படப் புத்தகங்களுக்குப் படம் போடுவது என் தொழில். கொலுசுப்பட்டறை அக்காவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இன்னும் யாரும் அதை முழுசாகத் தொடவில்லை.

தஞ்சாவூர் வரை போக வேண்டாம். தாரமங்கலம் சேலத்திலிருந்து முக்கால் மணி நேரம். கைலாசநாதர் கோயிலைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துக் கோயில். சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோவில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி, தாரமங்கலத்துத் தூண் நீங்கலாக மற்ற எதையும் செய்து தருகிறோம்" என்று எழுதுவார்கள் என்று ஒரு சொல்வழக்கு உண்டு (கொடுங்கை என்பது வளைந்த கல் கூரை விளிம்பு, பலகணி என்பது கல் ஜன்னல்). யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து, கல்லிலேயே செதுக்கிய சங்கிலி. பிள்ளைகள் கையை விட்டுப் பார்க்கத் துடிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வாலி தூண். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். தள்ளி இன்னொரு தூணில் ராமன் வில்லோடு நிற்கிறான். ராமன் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். கதையில் உள்ள மறைவைச் சிற்பி தூண்களின் இடைவெளியாலேயே கட்டிவிட்டார்.

இப்போது ஒரு படப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் முழுக்க வாலியின் கண். சுற்றிலும் தூண்கள், ஆள் யாரும் இல்லை. பக்கத்தைத் திருப்பினால் ராமனின் கண்ணிலிருந்து அதே மண்டபம், நேர் எதிரில் வாலி. தாள் திரும்பும் அந்த ஒரு நொடிதான் அந்தத் தூண். எத்தனையோ புத்தகத்துக்குப் படம் போட்டிருக்கிறேன், பக்கம் திருப்புவதையே கட்டடத்தின் பாகமாக ஆக்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை வந்ததில்லை.

அதற்கு அடுத்த பக்கத்தில்தான் உளியோடு அந்தச் சிற்பியைக் காட்டுவேன். இரண்டு தூணுக்கும் நடுவில் மாறி மாறி நடக்கிறார், குனிகிறார், ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், சாரம்கட்டியின் அப்பா மாதிரி. பெயர் நமக்குத் தெரியாது. தெரியாத பெயரைக் கற்பனையாக வைக்க மாட்டேன், அவர் வாயில் வசனமும் வைக்க மாட்டேன். வாழ்க்கை வரலாறு என்று போட்டுவிட்டுப் பேசாத பேச்சை எழுதும் புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவர் நடந்திருப்பார், குனிந்திருப்பார் என்பது மட்டும் நிச்சயம். இல்லாவிட்டால் அந்தத் தூண் அப்படி நின்றிருக்காது.

ரசமட்டம்

பென்சில்முனை, நான் தாரமங்கலத்துக்குப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். கல்லூரியில் அளவெடுத்து வரைந்தும் இருக்கிறேன். பக்கம் திருப்புவதோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மண்டபத்தின் தரைப்படம் என்னிடம் இருக்கிறது, தேடி அனுப்புகிறேன். பார்வைக்கோடுகள் சரியாக இருந்தால்தான் அந்தப் பக்கம் வேலை செய்யும். ஒரு வேண்டுகோள், ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் வரையுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் வானத்திலிருந்து பார்த்தே பழகிவிட்டோம்.

கொலுசுப்பட்டறை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாரமங்கலம் கட்டாயம் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் யோசிக்கிறேன். என் மாடிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். குகைப் பக்கமிருந்து இரண்டு முஸ்லிம் பிள்ளைகள், சர்ச்சுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். கோயில் புத்தகத்தை அவர்கள் ஆசையாகவே பார்ப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் "நம்ம ஊர்க் கட்டடம்" என்று முதலில் கையில் கொடுப்பது எல்லோருடைய வீட்டுக்குள்ளும் ஏதோ ஒரு வகையில் வந்து போகிற கட்டடமாக இருந்தால் நன்றாக இருக்கும்.

பதினாறுகண்_மதகு

அப்படியானால் அணைக்கு வாருங்கள் அம்மா. சேலத்தில் குழாயைத் திறக்கும் வீடுகளுக்குள் மேட்டூர்த் தண்ணீர்தானே வருகிறது.

1925-ல் தொடங்கி 1934-ல் முடித்தார்கள். நீளம் 5300 அடி, 120 அடி வரை தண்ணீர் நிற்கும். நிரம்பினால் 93.47 டி.எம்.சி. எல்லிஸ் என்ற பொறியாளர், ஸ்டான்லி என்ற கவர்னர் பெயரெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அணையிலும் நீர்த்தேக்கத்திலும் இருக்கிறது. என் தாத்தா அங்கே கல் சுமந்தவர். அவர் பெயர் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில்தான் இருந்தது. பாட்டி கூடை தூக்கினாள், அவளுக்கு அதுவும் இல்லை. முப்பத்தொரு வருடம் அதே அணையில் மதகுகளைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆடிப் பெருக்குக்கும் அணை மேல் நடக்கும்போது, இதில் எந்தக் கல் அவர் தோளில் வந்தது என்று நினைப்பேன்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அணை கட்டியதால் ஊர்கள் மூழ்கின. சனங்கள் கூரை ஓடுகளையும் உத்திரத்தையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீரிலிருந்து வெளியே வரும். ஊர் ஊராக வந்து பார்ப்பார்கள். ஒரு கட்டடத்துக்காக வேறு கட்டடங்கள் தண்ணீருக்குள் போன கதை அது.

பென்சில்முனை

சார், பக்கங்களைப் படிப்படியாக வெட்டலாம். முதல் பக்கம் முழு உயரம், தண்ணீர் மட்டும். ஒவ்வொரு தாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே போகும். திருப்பத் திருப்ப நீர் இறங்கும். முதலில் கோபுரத்தின் நுனி, பிறகு நந்தியின் காது, பிறகு முதுகு, கடைசியில் தெரு, வீட்டு வாசல்படி. பின்னாலிருந்து முன்னால் திருப்பினால் ஊர் மூழ்கும்.

அச்சகத்தில் செலவாகும். முதல் மாதிரியை நான் கையால் வெட்டித் தருகிறேன்.

சாரம்கட்டி

அந்த வாசல்படியில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி இருவரையும் போடுங்கள்.

பதினாறுகண்_மதகு

பாட்டியின் படம் ஒன்று இருக்கிறது, ரொம்ப மங்கல். கல்யாணத்தில் எடுத்தது, ஓரத்தில் நிற்பாள். தேடி எடுத்துப் பென்சில்முனைக்கு அனுப்புகிறேன். கூடையை எப்படித் தலையில் வைப்பாள், சும்மாட்டை எப்படிச் சுற்றுவாள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை எழுதியும் தருகிறேன்.

இரட்டைப்பிள்ளை_அம்மா

பாட்டி பெயர் என்ன சார்? இங்கே வேண்டாம், அக்காவுக்குத் தனியாகச் சொல்லுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரட்டும்.

இருபதாம்_வளைவு

என் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு பக்கம் வரையலாமா? போன வாரம் மறுபடி "வீடு வரையுங்கள்" என்றேன். மூங்கிலை எந்த மாதம் வெட்டுவது என்று சொன்னானே, அந்தப் பையன் தாத்தா வீட்டை வரைந்திருக்கிறான். தட்டிச் சுவர், வெளியே விறகு, கூரை மேல் மூடுபனி. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தங்கள் வீட்டை வரைந்தார்கள். தென்னை மரம் ஒன்றுகூட இல்லை.

கொலுசுப்பட்டறை

கட்டாயம் டீச்சர்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மேட்டூருக்கு வேன் பேசியிருக்கிறேன். பதினான்கு பிள்ளைகள், பெரியவர்கள் நாலு பேர். சாரம்கட்டியின் அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார், தூக்குக்குண்டோடு. மதகு சார் அணைப் பூங்கா வாசலில் நிற்பார். பழைய காலண்டர் தாள்கள் இருப்பவர்கள் கொடுத்தனுப்புங்கள், பின்பக்கத்தில் வரைவதற்கு. லாரிக்காரர் மகள் இப்போதே கேட்டுவிட்டாள்: "அக்கா, அந்த அணைக்குக் கல்லு எந்த மலையிலேருந்து வந்துச்சு?" சார், அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள்.